வளையம் எறியும் தூரம்

(கல்லூரி ஒன்றின் வணிகவியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)



போன வாரம் உங்கள் வகுப்புகளில் ஒரு வினாத்தாள் கொடுத்திருக்கிறார்கள். காலையில் துறை அறையில் உட்கார்ந்திருந்தபோது அதை வாங்கிப் படித்தேன். "புதிய முயற்சியில் இறங்கத் தயங்க மாட்டேன்." "என் வெற்றி தோல்விக்கு நானே பொறுப்பு." "லாபம் பெரிதென்றால் நட்டத்துக்கு அஞ்ச மாட்டேன்." இப்படி நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 (உடன்பாடே இல்லை) முதல் 5 (முழு உடன்பாடு) வரை கட்டங்கள். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கேள்வி: படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில் தொடங்க விருப்பமா?

மாணவர்களின் குணத்துக்கும் தொழில் தொடங்கும் ஆசைக்கும் என்ன தொடர்பு என்று கண்டறிய முதுநிலை மாணவர் ஒருவர் தயாரித்த தாள் அது. குறை சொல்வதற்காக அதை எடுக்கவில்லை. இதே போன்ற தாள்களை நானும் இருபது ஆண்டுகள் என் வகுப்புகளில் கொடுத்திருக்கிறேன், திருத்தியிருக்கிறேன், அட்டவணை போட்டிருக்கிறேன். அந்தத் தாள் எங்கிருந்து புறப்பட்டது, எதைச் சரியாகக் கேட்கிறது, எதைக் கேட்க மறந்துவிட்டது என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

ஊர்த் திருவிழாவில் வளையம் எறிகிற கடையைப் பார்த்திருப்பீர்கள். சோப்பும் சீப்பும் கண்ணாடி டம்ளரும் பரப்பி வைத்திருப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் எறிய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் தம் ஆய்வில் அந்தக் கயிற்றை எடுத்துவிட்டார். ஒரு முளையை நட்டு வைத்து, "எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நின்று எறியலாம்" என்றார். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே போய் நின்று போட்டார்கள். சிலர் எட்டாத தூரத்துக்குப் போய் வீசிப் பார்த்தார்கள். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. இன்னும் சிலர் இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் தேடினார்கள். கவனமாக எறிந்தால் விழும், அசட்டையாக எறிந்தால் விழாது என்கிற தூரம். சாதிக்க வேண்டும் என்ற உந்துதல் மிகுந்தவர்கள் இந்த நடுத்தூரத்தைத் தேர்ந்தெடுப்பதாக மெக்லெலண்ட் கண்டார். சமுதாயங்களின் பொருளாதார வளர்ச்சிக்கும் இந்த உந்துதலுக்கும் தொடர்புண்டு என்று 1961இல் ஒரு பெரிய நூலே எழுதினார். உங்கள் வினாத்தாளுக்கு வேர் தேடினால் அங்கேதான் போய் நிற்கும்.

இந்தப் பகுதியை எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. அதற்கு அடுத்து அவர் செய்ததை மாணவர்கள் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. 1960களின் நடுவில் அவர் இந்தியாவுக்கு வந்தார். ஆந்திராவில் கடலோர ஊரான காக்கிநாடாவின் சிறு வணிகர்களை, ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். ஒரு காரியத்தை முடிக்கத் துடிக்கிற மனிதன் எப்படி யோசிப்பான், எங்கே தடுக்கும், யாரிடம் உதவி கேட்பான் என்று அந்தக் கதைகளை மாற்றி எழுதப் பழக்கினார்கள். தங்கள் தொழிலுக்கு அவர்களே இலக்கு வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பிறகு போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிட இவர்கள் புதிய தொழில்களில் கூடுதலாக இறங்கியிருந்தார்கள், கூடுதல் ஆட்களை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பழைய நம்பிக்கைகளும் ஆசாரங்களும் உள்ளவர்கள் தொழிலில் பின்தங்குவார்கள் என்று அக்காலத்தில் பலரும் எண்ணியிருந்தார்கள். காக்கிநாடாவில் அது அப்படி இல்லை. நமக்கு இது வியப்பே அல்ல. அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்கிற அதே மளிகைக்கடை அண்ணாச்சிதான், விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தையில் நின்று மூட்டைக்கு இருபது ரூபாய் குறைத்துப் பேசுகிறார். எல்லாம் தலையெழுத்து என்று வாய் சொல்லும். கை கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும்.

வாழ்வின் பலன்கள் தன் கையில் என்று நம்புகிறவர், வெளியே ஏதோ ஒன்றின் கையில் என்று நம்புகிறவர் என மனிதர்களைப் பிரித்து அளக்கும் முறையை ஜூலியன் ராட்டர் 1966இல் வெளியிட்டார். "என் வெற்றி தோல்விக்கு நானே பொறுப்பு" என்ற உங்கள் வாக்கியம் அவர் வழியில் வந்தது. அந்த அளவுகோல் பயனுள்ளதுதான். ஆனால் அண்ணாச்சியிடம் அந்த வாக்கியத்தைக் கொடுத்தால், "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லி 1ஐ வட்டமிடுவார். நாமும் அவரைத் தொழிலுக்கு ஆகாதவர் என்று எழுதிக்கொள்வோம்.

எழுதிக்கொண்டவன் நான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாமாண்டில் ஒரு மாணவி இருந்தாள். வகுப்பில் பின்வரிசை, கேட்டால்தான் பேசுவாள். என் வினாத்தாளில் துணிவு பற்றிய எல்லா வாக்கியங்களுக்கும் 1 அல்லது 2 போட்டிருந்தாள். தொழில் தொடங்க விருப்பமா என்ற இடத்தில் "இல்லை". நாட்டம் குறைந்தவர்கள் என்ற பிரிவில் அவளைச் சேர்த்து அட்டவணையை முடித்தேன். ஒரு மாதம் கழித்து, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். கட்ட முடியாத இரண்டு தோழிகளுக்கும் சேர்த்து அவளே பணம் கொண்டு வந்திருந்தாள். "ஏதும்மா இவ்வளவு பணம்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். சித்தியிடம் ஆரி வேலை கற்றுக்கொண்டு கல்யாண ஜாக்கெட்டுகளுக்குப் பூவேலை செய்து கொடுக்கிறாள். ஒரு முகூர்த்த ஜாக்கெட்டுக்கு 3000 ரூபாய். பாதியை முன்பணமாக வாங்கிய பிறகுதான் நூலும் மணியும் ஜரிகையும் வாங்கக் கடைக்குப் போவாள். துணியை அவர்களே கொடுத்துவிட வேண்டும். ஆடியில் கல்யாணம் இருக்காது என்பதால் வைகாசி, ஆனியில் வந்ததில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருப்பாள். ஆவணிக்கு வேலை குவியும், அப்போது பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கூலி கொடுத்து ஓரங்களைத் தைக்கச் சொல்வாள்.

"அப்புறம் ஏம்மா தாள்ல 'இல்லை'ன்னு போட்ட?"

"அது தொழில் இல்ல சார். வீட்ல சும்மா தைக்கிறது."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்பணம், சரக்குக் கொள்முதல், பருவத்துக்கு ஏற்ற சேமிப்பு, கூலியாள் எல்லாம் இருக்கிறது. நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட அத்தனையையும் அந்தப் பெண் மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். என் அளவுகோலில் அவள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அளவுகோல் எங்கே தவறியது? முதலில் துணிவு என்ற சொல்லில். தொழில் செய்கிறவன் சூதாடியைப் போலத் துணிந்து இறங்குகிறவன் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. 1980இல் ராபர்ட் பிராக்ஹவுஸ் என்பவர் தொழில்முனைவோரையும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேலாளர்களையும் ஒப்பிட்டார். துணிந்து இறங்கும் நாட்டத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த சரஸ் சரஸ்வதி, அனுபவம் முதிர்ந்த 27 தொழில்முனைவோரிடம் ஒரே வணிகச் சிக்கலைக் கொடுத்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். 2001இல் வெளியான அவரது கருத்து வணிகக் கல்வியையே திருப்பிப் போட்டது. அவர்கள் எவ்வளவு லாபம் வரும் என்று கணக்குப் போட்டு இறங்கவில்லை. கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும், எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்த்தே இறங்கினார்கள். நம் கடைவீதியில் "கையைக் கடிக்காம பாத்துக்க" என்று சொல்வார்களே, அதுதான். துணி அவர்கள் கொடுக்கட்டும், பாதிப் பணம் முதலில் வரட்டும் என்று நின்ற அந்த மாணவி நடுத்தூரத்தில் நின்றுதான் வளையம் எறிந்தாள்.

கலகலப்பாகப் பேசுகிறவர்தான் வியாபாரத்துக்கு ஏற்றவர் என்ற எண்ணமும் உண்டு. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளைப் பார்த்து, "நீ பேங்க் பரீட்சை எழுதும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மனித குணங்களை ஐந்து பெரும் பிரிவாகப் பார்ப்பது இன்றைய உளவியலின் வழக்கம். புதியவற்றுக்கு மனம் திறந்திருப்பது, பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, பிறரோடு இணங்கிப் போவது, மனக்கலக்கம் ஆகியவை அந்த ஐந்து. இவற்றை வைத்துத் தொழில்முனைவோரையும் மேலாளர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஹாவ் ஜாவோ, ஸ்காட் சீபர்ட் இருவரும் 2006இல் திரட்டித் தொகுத்தார்கள். தொழில்முனைவோரிடம் பொறுப்பும் புதியதை நாடும் மனமும் கூடுதல். மனக்கலக்கமும் இணங்கிப் போவதும் குறைவு. கலகலப்பில் வேறுபாடே இல்லை. பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2010இல் அவர்களே இன்னொருவரோடு சேர்ந்து, தொழில் தொடங்கும் எண்ணத்துக்கும் இந்தக் குணங்களுக்கும் உள்ள தொடர்பைத் தொகுத்தார்கள். தொடர்பு உண்டு. ஆனால் ஐந்து குணங்களையும் கூட்டிப் பார்த்தாலும், ஒருவருக்கு ஆசை இருப்பதற்கும் இன்னொருவருக்கு இல்லாததற்கும் உள்ள காரணத்தில் சிறு பகுதிதான் அவற்றால் விளங்குகிறது. பெரும்பகுதி வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே இருக்கிறது என்று நம் வீட்டு நடுக்கூடத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஐசெக் அய்சென் என்ற உளவியலாளர் ஒரு செயலைச் செய்யும் எண்ணம் மூன்று இடங்களிலிருந்து பிறக்கிறது என்றார். எனக்கு அது பிடித்திருக்கிறதா? எனக்கு வேண்டியவர்கள் என்ன சொல்வார்கள்? என்னால் முடியுமா? இந்த மூன்றில் நடுக்கேள்விதான் நம் ஊரில் எடை கூடியது. மாதம் பிறந்தால் சம்பளம் என்பது நம் வீடுகளில் வெறும் பணக் கணக்கு அல்ல, ஒரு நிம்மதியின் பெயர். பெண் பார்க்கப் போகிற இடத்தில், "பையன் என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு, "சொந்தமா தொழில் பண்றார்" என்று பதில் வந்தால் ஒரு கணம் பேச்சு நிற்கும். "கவர்மெண்ட் வேலை" என்றால் காபி வரும். அப்படி நினைக்கும் பெற்றோரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சேமிப்பு இல்லாத வீட்டில் ஒரு தோல்வி என்பது தங்கையின் கல்யாணம், அப்பாவின் மருந்து, அடகில் இருக்கும் நகை. கந்துவட்டிக்கு வாங்கி நொடித்த குடும்பம் தெருவுக்கு ஒன்றாவது இருக்கிறது. அந்த அச்சம் கண்ணால் பார்த்ததிலிருந்து வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை தாளில் 1 போட்டால், அது அவன் குணத்தைக் காட்டுவதைவிட அவன் வீட்டு நிலைமையைத்தான் அதிகம் காட்டுகிறது.

திருப்பூரைப் பற்றி அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். பின்னலாடைத் தொழிலில் உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தார் கூடுதல் முதலோடு தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினார்கள். ஆனால் வெளியார்தான் வேகமாக வளர்ந்தார்கள். திறமை ஒரு பக்கம் இருந்தது, முதல் இன்னொரு பக்கம் இருந்தது. உறவுக்குள் பணம் புரளும் இடத்தில் ஒருவன் துணிச்சல்காரனாகத் தெரிவான். அதே மனிதனைப் பணம் புரட்ட ஆளில்லாத ஊரில் விட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்கள்.

"யார் தொழில்முனைவோர்?" என்பதே தவறான கேள்வி என்று வில்லியம் கார்ட்னர் 1988இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார். ஆளை ஆராயாதீர்கள், ஒரு தொழில் எப்படி உருவாகிறது என்று செயலை ஆராயுங்கள் என்பது அவர் வாதம். நம் வணிகச் சமூகங்கள் இதை எந்தக் கட்டுரையும் படிக்காமல் நெடுங்காலமாகச் செய்துவந்தன. நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையன் என்று ஒருவன் இருப்பான். கணக்குப் பெட்டிக்கு அருகே உட்கார்ந்து ஏவிய வேலையைச் செய்வான். பேரேடு எழுதுவதைப் பார்ப்பான், யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கவனிப்பான். பிறகு படிப்படியாக மேலே வந்து பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கடை பார்க்கப் போவான். விருதுநகர், சிவகாசிப் பக்கம் நாடார் சமூகத்தார் மகமை என்று வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடங்கள் கட்டியது அந்தப் பணம்தான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வேலையைக் கையால் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். கோவையின் ஜி.டி. நாயுடு உணவு விடுதியில் பரிமாறிச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்துப் படித்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் பேருந்தைத் தாமே ஓட்டினார். இவர்கள் யாரையும் உட்கார வைத்து, "உனக்குத் துணிவு உண்டா?" என்று கட்டம் போட்டுக் கேட்டவர் இல்லை. வேலை முதலில் வந்தது, குணம் அந்த வேலையில் விளைந்தது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டியடி இடம் தங்கள் இனத்துப் பையனுக்குத்தான் கிடைத்தது. பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. நிலமற்ற கூலியின் மகனுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் முதன்முறையாக வந்து உட்கார்ந்திருக்கிற இடம் இந்த மாதிரிக் கல்லூரிகள்தான். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்காக 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் தருகிறது. நான் மனமார வரவேற்கிற திட்டம் அது. முதலுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. பெட்டியடியில் உட்கார்ந்து பார்க்கிற அந்த இரண்டு மூன்று வருடத்துக்கு ஈடாக, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்? தொழில்முனைவு மேம்பாடு என்று ஒரு தாள், ஐந்து அலகு, மூன்று மணி நேரத் தேர்வு.

பாடம் நடத்தினால் ஆசை வளர்ந்துவிடும் என்பதும் உறுதியில்லை. நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களே சிறு நிறுவனம் நடத்திப் பார்க்கும் பாடத்திட்டத்தை ஆராய்ந்தார்கள். 2010இல் வந்த முடிவு: மாணவர்களின் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது. இதைத் தோல்வி என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தொழிலின் பாரம் இன்னதென்று தெரிந்து, இது எனக்கு வேண்டாம் என்று இருபது வயதில் ஒருவன் முடிவெடுத்தால், நாற்பது வயதில் வீட்டை அடகு வைத்துத் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல். எல்லோரும் முதலாளியாக வேண்டும் என்று மேடையில் முழங்குவது பொறுப்பற்ற பேச்சு. நல்ல கணக்கர் தேவை, நல்ல செவிலியர் தேவை.

எதைக் கற்றுக்கொடுத்தால் பயன் உண்டு என்பதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1500 சிறு வியாபாரிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பயிற்சி: கணக்கு, சந்தை, நிதி. இன்னொரு பிரிவுக்குத் தானாக முன்வந்து செயல்படும் பழக்கத்தில் பயிற்சி. சொல்லாமலே தொடங்குவது, வரப்போகும் தடையை முன்கூட்டி யோசிப்பது, தடுக்கினாலும் விடாமல் வேறு வழி பார்ப்பது. மூன்றாம் பிரிவுக்குப் பயிற்சி இல்லை. 2017இல் வெளியான முடிவின்படி, முன்வந்து செயல்படப் பழகியவர்களின் லாபம் 30 விழுக்காடு கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 விழுக்காடுதான், அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காக்கிநாடாவில் மெக்லெலண்ட் தொட்ட இடத்தைத்தான் அரை நூற்றாண்டுக்குப் பின் டோகோவில் மறுபடி தொட்டிருக்கிறார்கள். நாம் பிறவிக் குணம் என்று நினைத்து ஒதுக்குவதில் பழக்கிக்கொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மன்ற நிதியிலிருந்து நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 500 ரூபாய் கொடுங்கள். ஒரு மாதம் எதையாவது வாங்கி விற்கட்டும், செய்து விற்கட்டும். தினமும் கணக்கு எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பணம் போனால் போகட்டும், மதிப்பெண் போகக் கூடாது. 500 ரூபாய் நட்டத்தை வீட்டில் திட்டு வாங்காமல் பார்க்கிற வாய்ப்பு இந்தப் பிள்ளைகள் பலருக்கு வேறெங்கும் கிடைக்காது.

பெற்றோர்களே, பிள்ளை தொழில் என்று பேச்செடுத்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு போனால் நம் வீடு தாங்கும் என்ற கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். தாங்காது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாணவ மாணவியரே, அந்த வினாத்தாளை நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் துறைத் தலைவர் சொன்னார். நாற்பது கட்டங்களையும் நேர்மையாக நிரப்பிக் கொடுங்கள், உங்கள் தோழருக்கு அது தேவை. கொடுப்பதற்கு முன் தாளைத் திருப்பி, வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள். இதுவரை நீங்கள் கையால் செய்தோ வாங்கியோ விற்றது என்ன? யாருக்கு விற்றீர்கள்? கையில் எவ்வளவு நின்றது? எவ்வளவு போனது? வீட்டில் சும்மா தைப்பதையும், சித்தப்பா கடையில் ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் உட்காருவதையும், தீபாவளிச் சீட்டுக்குப் பணம் பிரித்ததையும் விடாமல் எழுதுங்கள்.